எனக்கு வேட்டி எடுக்க வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

கல்யாணத்துக்கு எனக்கு நாலு முழமா எட்டு முழமா, கரை பச்சையா மெரூனா என்று கேட்டு இந்த இரண்டு நாளில் மூன்று முறை போன் செய்துவிட்டாய். மூன்று முறையும் எனக்கு வேட்டி எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். மூன்றாவது முறை உனக்குக் கோபம் வந்து, "அப்போ லுங்கியோட வந்து மணவறைல நில்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நியாயமான கோபம்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிற ஊரில், ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறவன், பெற்ற அப்பனுக்கு ஒரு வேட்டி எடுத்துத் தர முடியவில்லை என்றால் எரிச்சல் வராதா? ஆனால் காரணத்தைப் போனில் சொல்ல முடியாது. பாதியில் உனக்கு இன்னொரு போன் வந்துவிடும். நேரில் சொல்லலாம் என்றால் என் வாய்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சங்கடமான இடம் வந்ததும் ஏதாவது வேடிக்கை பேசி நழுவிவிடுவேன். அதனால்தான் ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, பெருமாநல்லூர் ரோட்டில் புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறேன். உங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "டவுன் பஸ்ஸுல போனா அரை மணி நேரமுங்க. இதுக்குப் போயி லெட்டருங்களா" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

பெரிய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பெருமாநல்லூர் போய், உன் மாமனார் ஆகப்போகிற வேலுச்சாமியைப் பார்த்தேன். உன் கல்யாணத்தையே நிறுத்தக்கூடிய ஒரு விஷயத்தை அவரிடம் சொன்னேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை நீ, "நந்தினி அப்பா ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசறதில்லையாமா, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா" என்று கேட்டபோது, "வெயில் அதிகமாச்சே, உடம்பு சரியில்லாம இருக்கும்" என்று கூசாமல் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது பதறாதே. வியாழக்கிழமை அவர் நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். என்ன நடந்தது என்பதை வரிசையாகத்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, எனக்குத் தெரியும் உன் பழக்கம்.

நம் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊதாக்கல்லை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்றாவது படிக்கும்போது அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வைரம் என்று சொல்லி, இரண்டு பேனாவும் ஒரு கிரிக்கெட் பந்தும் சம்பாதித்துக்கொண்டு வந்தவன் நீ. நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பொய் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் உனக்குப் புத்தி சொன்னேன். அந்தப் புத்தியைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது என்பதை இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொள்வாய். அது வைரமும் இல்லை, மரகதமும் இல்லை. புளோரைட் என்று பெயர். இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் போகும். பேனாக்கத்தியால் கீறினாலே கோடு விழும், அத்தனை மெத்தென்ற கல். ஆனால் சூடு காட்டினால் அது செய்கிற வேலையே வேறு. உனக்கு நினைவிருக்கிறதா? ஒருநாள் மத்தியானம் சமையல்கட்டின் ஜன்னலையெல்லாம் போர்வை போட்டு மூடி, காய்ந்த தோசைக்கல்லில் அதன் தூளைத் தூவினேன். இருட்டில் நீலமாகப் பூத்தது. நீ கை தட்டினாய். எனக்குத் தலைகால் புரியாமல் ஒரு பெரிய துண்டையே போட்டுவிட்டேன். அது படாரென்று வெடித்து ஒரு சில்லு மேல் ஓட்டைப் பதம் பார்த்தது. உங்கம்மா ஒரு வாரம் அந்தக் கல்லில் தோசை சுடவில்லை.

அந்தக் கல் வந்த குழியில்தான் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி, கொழுக்கட்டைப் புல்லும் வேலா மரமுமாக இருக்கிற மேட்டுக்காடு. எந்தக் காலத்திலோ அந்த இடத்தில் பூமிக்கடியில் பாறை பிளந்து வடக்குத் தெற்காக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. ஆழத்திலிருந்து சுடுதண்ணீர் அதன் வழியே ஏறியிருக்கிறது. வருகிற வழியில் கரைத்த சரக்கையெல்லாம் சுமந்துகொண்டு வந்து, சூடு தணியத் தணியச் சுவரில் அப்பிவிட்டுப் போயிருக்கிறது. முதலில் வெங்கச்சாங்கல், அந்த வெள்ளைப் படிகக் கல், ஒரு பூச்சு. அதன்மேல் பச்சை, அதன்மேல் ஊதா. நடுவில் சரக்குப் போதாத இடங்களில் பொந்து விட்டுவிட்டது. பொந்துக்குள் கை விட்டால் சதுரம் சதுரமாகக் கட்டிகள் தட்டுப்படும், யாரோ செதுக்கி அடுக்கியதுபோல் இருக்கும். கீறல் எப்படிப் போகிறதோ அப்படித்தான் நாங்களும் போக வேண்டும். சில இடத்தில் ஆள் படுக்கிற அகலம் இருக்கும். பத்தடி தள்ளி விரல் அகலமாகிவிடும். முதலில் மேலேயே வாய்க்கால் மாதிரி வெட்டினார்கள். பிறகு கிணறு போல் நேராகக் கீழே இறக்கி, அடியிலிருந்து வடக்கே ஒரு சுரங்கம், தெற்கே ஒரு சுரங்கம். துளை போட்டு வெடி வைப்பது, உடைந்ததை வாளியில் ஏற்றி விஞ்ச் போட்டு மேலே இழுப்பது, மேலே பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் வெங்கச்சாங்கல்லைத் தட்டி நீக்கி நல்ல கல்லைப் பொறுக்குவது. நாற்பது பேர் பிழைத்தோம்.

நான் அங்கே மேட், ஆட்களுக்குப் பொறுப்பான மேஸ்திரி. தினமும் காலையில் மற்றவர்கள் இறங்குவதற்கு முன் நான் கடப்பாரையோடு இறங்கி, கூரையையும் சுவரையும் அடி அடியாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். இறுகிய பாறை கணீரென்று சொல்லும். விட்டுப்போன பாறை பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தைக் கடப்பாரையால் நெம்பிக் கீழே தள்ளிய பிறகுதான் ஆட்கள் வருவார்கள். ஒன்பது வருஷத்தில் என் கூரை ஒருவர் தலையிலும் விழவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியது அதனால்தான். பாறை என்ன நினைக்கிறது என்று என் காதுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னால் இங்கே நிட்டிங் கம்பெனிக்கு வந்தபோது, முப்பது மிஷின் ஓடுகிற சத்தத்தில் எந்த மிஷினில் ஊசி உடைந்தது என்று திரும்பாமலே சொல்லுவேன் என்று என்னைப் பற்றி ஒரு கதை உண்டல்லவா, அதுவும் அந்தக் காதுதான். கதையில் பாதி உண்மை. மீதி நானே பரப்பியது.

குழிக்கு வடக்கே, ஓங்கிக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் வேலுச்சாமியின் தோட்டம் இருந்தது. என் வயதுதான். கல்யாணமாகி ஒரு வருஷம். ஒரு ஜோடி வெள்ளை மயிலைக் காளை, ஒரு கிணறு, அதில் மோட்டார். நாங்கள் வடக்குச் சுரங்கத்தில் முன்னேற முன்னேறத் தரையில் தண்ணீர் கசிந்தது. ராப்பகலாகப் பம்பு ஓட்டி இறைத்தோம். நாங்கள் இறைக்க இறைக்க அவர் கிணறு இறங்கியது. மனுஷன் ஒருநாள் குழி மேட்டுக்கு வந்து நின்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "ஏனுங்க மேட்டு, என்ற கெணத்துத் தண்ணியத்தான் நீங்க எறைக்கறீங்கன்னு நெனைக்கறேனுங்க" என்றார். முதலாளி கோயம்புத்தூரில் இருந்தார். போனில் கேட்டதற்கு, சம்பந்தமே இல்லை என்று நீயே சொல்லிவிடு என்றார். விஷயம் ஊர்ப் பிள்ளையார் கோயில் பஞ்சாயத்துக்குப் போயிற்று. எந்தப் படித்த ஆளையும் கூப்பிடவில்லை. பாறையைத் தட்டிப் பார்த்துச் சொல்லுகிறவன் நான் இருக்கும்போது வேறு யார் எதற்கு? நான் இறங்கி வடக்குச் சுவரைத் தட்டினேன். கூரையைத் தட்டினேன். எல்லா இடமும் கணீர். மேலே வந்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, குழித் தண்ணீர் வேறு, கிணற்றுத் தண்ணீர் வேறு என்று ஊர் முன்னால் சத்தியம் செய்தேன்.

இதில் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். அப்போது நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். ஆனால் தரையை நான் தட்டவில்லை. மேட் ஒருவனும் தரையைத் தட்ட மாட்டான். தரை யார் தலையிலும் விழாது. தண்ணீரோ தரையில் இருந்த ஒரு கையகலப் பொந்தின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. தலையில் விழுவதை மட்டுமே பார்த்துப் பழகியவனுக்குக் காலுக்குக் கீழே இருப்பது கண்ணில் படவில்லை. நீ குடும்பம் நடத்தப் போகிறாய், ஆகவே சொல்கிறேன்: வீட்டில் சத்தம் வருகிற இடத்தை எல்லாரும் கவனிப்பார்கள். சத்தமே வராத இடத்தையும் மாதம் ஒருமுறை தட்டிப் பார். உங்கம்மாவை நான் அப்படித் தட்டிப் பார்க்காமல் விட்ட வருஷங்கள் உண்டு. அவள் அதை இன்னும் மறக்கவில்லை, தேதி வாரியாகச் சொல்லுவாள்.

சத்தியத்துக்கு அடுத்த வாரம் வேலுச்சாமி ஒரு துண்டில் நிலக்கடலை கட்டிக்கொண்டு வந்தார். "சந்தேகப்பட்டுட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தக் கடலை என்னை உறுத்த ஆரம்பித்தது. சாயம் விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. உன் தாய்மாமன் அப்போது திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். அவனிடம் கேட்டு ஒரு டின் சிவப்புச் சாயப் பவுடர் வாங்கினேன். "மச்சான், ஒரு தொட்டிக்கு ஒரு கரண்டி போதுமுங்க" என்றான். குழித் தண்ணீர் அத்தனைக்கும் ஒரு கரண்டி எந்த மூலைக்கு என்று நான் நினைத்தேன். பொங்கலுக்குக் குழி நாலு நாள் மூடும், பம்பு நிற்கும். மூடுகிற அன்று மத்தியானம் எல்லாரையும் மேலே அனுப்பிவிட்டு, தரைப் பொந்தில் டின்னைக் கவிழ்த்தேன். முழு டின்னும் போயிற்று.

நம் பம்பு நின்றதும் அவர் கிணற்றில் தண்ணீர் ஏறியது. ஏறுகிறதே என்று மகிழ்ந்து அவர் மோட்டாரைப் போட்டார். யார் மோட்டார் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும், அவ்வளவுதான் கணக்கு. மாட்டுப் பொங்கலன்று காலையில் அவர் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் தோட்டத்தில் கூட்டம். நடுவில் இரண்டு காளைகளும் ரோஸ் நிறத்தில் நிற்கின்றன. அப்போதுதான் கழுவியிருக்கிறார்கள். ஒரு காளை தன் முதுகைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. கொடியில் ஒரு புது வேட்டி, அதுவும் ரோஸ். பொங்கலுக்கு எடுத்த வேட்டியின் கஞ்சி போகட்டும் என்று அந்த வீட்டம்மா முந்தின நாள் சலவைச் சோடா போட்டு ஊற வைத்திருக்கிறார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே உப்புத் தண்ணீர். உப்பும் சோடாவும் சேர்ந்தால் சாயம் கெட்டியாகப் பிடிக்கும். பட்டறைக்காரன் செய்கிற வேலையை அந்த அம்மா தெரியாமலே செய்து முடித்துவிட்டார். இரண்டு பெண்கள் கிணற்றங்கரையில் கற்பூரம் ஏற்றி, அம்மன் குங்குமம் கரைத்திருக்கிறாள் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலுச்சாமி என்னைப் பார்த்து, "ஏனுங்க மேட்டு, இது என்னங்க கூத்து" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஊர் முழுக்க அங்கே நின்றது, சத்தியத்தைக் கேட்ட அதே ஊர். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "சாயப்பட்டறை டேங்கர் லாரிக்காரன் எவனாச்சும் ஓடைல ஊத்தீட்டுப் போயிருப்பானுங்க." அவ்வளவுதான், கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் வேலுச்சாமி தடியும் கையுமாக ஓடைக்கரையில் அந்த டேங்கர்காரனுக்காகக் காவல் இருந்தார். வராத லாரிக்காக ஒரு மனுஷன் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பதைத் தவிர நான் வேறென்ன செய்வது? டீ வாங்கிக் கொடுத்தேன். உங்கம்மா அப்போது வயிற்றில் உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள். குழி நின்றால் நாற்பது குடும்பம் நிற்கும். இந்த இரண்டு காரணத்தையும் எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மைதான். ஆனால் மூன்றாவது காரணம்தான் பெரியது. என் காது பொய்த்துவிட்டது என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருஷம் அவர் கிணற்றை ஆழப்படுத்திப் பார்த்தார். நாங்கள் அதைவிட ஆழமாக இறைத்தோம். கடைசியில் காளைகளைக் கொடுத்துவிட்டு, தோட்டத்துக்கு முள்வேலி போட்டு மூடிவிட்டு, பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் அயர்ன் செக்ஷனுக்கு வேலைக்குப் போனார். அவர் போன மூன்றாம் மாதம் நம் குழியும் மூடியது. வடக்கே கல்லோட்டம் விரல் அகலமாகி, நூல் அகலமாகி, இல்லாமலே போயிற்று. பம்பைக் கழற்றினோம். அடுத்த தீபாவளிக்குள் குழி நிறைந்தது. அவர் கிணறும் நிறைந்தது. இறைக்க ஆள் இல்லாத கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நான் உங்களையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டேன். அவர் இருந்த இடம் எனக்குத் தெரியும். ஒரு பஸ் ஏறினால் போதும். நான் ஏறவில்லை.

பிறகு நீ ஒருநாள் வந்து, கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற நந்தினி என்ற பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாய். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். பெண் பார்க்கப் போன வீட்டில் கதவைத் திறந்தது வேலுச்சாமி. அவர் என்னை ஒரு நொடியில் கண்டுகொண்டு, "அட, நம்ம குழி மேட்டுங்களா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நீ எவ்வளவு பூரித்தாய், பழைய பழக்கம் என்று. கேசரி சாப்பிடும்போது அவர் தன் ரோஸ் மாட்டுக் கதையை ஆரம்பித்தார். நந்தினிக்கு வரிக்கு வரி மனப்பாடம்போல, கூடவே சொன்னாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். "அந்த டேங்கர்காரன் மட்டும் என்ற கையில கெடச்சான்னா" என்று அவர் முடித்தபோது எனக்குப் புரையேறியது. நீதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாய். கேசரியில் முந்திரி பெரிதாக இருந்தது என்று நான் சொன்னேன். கேசரியில் முந்திரியே இல்லை.

அன்றிலிருந்து உங்கம்மாவும் நானும் வீட்டில் பேசியது ஒரே பேச்சு. அவளுக்கும் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "மொதல்ல தாலி ஏறட்டுமுங்க. அப்புறமேட்டுக்கு மெதுவாச் சொல்லிக்கலாம். பையன் மூஞ்சியப் பாருங்க" என்றாள். உன் முகத்தைப் பார்த்துத்தான் நானும் இரண்டு மாதம் தள்ளினேன். ஆனால் கண்ணு, தாலி ஏறிய பிறகு சொன்னால் அது ஒப்புக்கொள்வது ஆகாது. இனி உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டு சொல்வதாகும். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த 'வேண்டாம்' விழப்போவது உன் வாழ்க்கைமேல் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக உறைத்தது. இறங்கிவிடலாமா என்று இரண்டு ஸ்டாப்பில் எழுந்தேன். இரண்டாவது ஸ்டாப்பில் கண்டக்டர், "உக்காருங்க பெரியவரே, நீங்க டிக்கெட் எடுத்தது பெருமாநல்லூருக்கு" என்று அதட்டினார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொந்து, டின், டேங்கர். எதையும் விடவில்லை. முடித்ததும் வேலுச்சாமி எழுந்து போய் ஃபேனை ஒரு புள்ளி கூட்டினார். திரும்பி வந்து, "காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றார். நம் ஊர்ப் பக்கம் கோபத்தின் உச்சி எது என்று உனக்குத் தெரியும். திட்டினால் பிழைத்தோம். காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க என்று 'ங்க' போட்டுச் சொன்னால் முடிந்தது. காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா என்று இன்றைக்கும் தெரியாது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எந்தப் போன் அடித்தாலும் உங்கம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு என்னையே பார்ப்பாள். உன் வாழ்க்கையை நான் என் நிம்மதிக்காக எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று அந்த மூன்று நாளும் பயந்தேன். அதைப்போல் ஒரு பயத்தைக் குழிக்குள் வெடி வைத்த நாளில்கூட அறிந்ததில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஸ்கூட்டரில் வந்தார், கையில் ஒரு மஞ்சப்பையோடு. வாசலிலேயே நின்று, "ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். கற்பூரம் அணைக்கறப்போ உங்குளுக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாதுங்க. தரையத் தட்டாம உட்டுட்டேன்." "அப்புறம் தெரிஞ்சும் சொல்லுல." "ஆமாங்க. சொல்லுல." அவர் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார். "வண்டில ஏறுங்க" என்றார். உங்கம்மா பயந்துபோய், "எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க" என்று கேட்டாள். "குழிக்குத்தானுங்க. தள்ளி உட மாட்டேன், பயப்படாதீங்க" என்றார். அதை அவர் சிரிக்காமல் சொன்னதால் உங்கம்மாவும் சிரிக்கவில்லை.

இந்த வயதில், அந்த வெயிலில், இரண்டு கிழவர்கள் ஒரு ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் போனோம். குழியைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் விளிம்புக்கு நாலடி கீழே, உள்சுவர்க் கல் தெரிகிற தெளிவு. கல்லோட்டம் எங்கே ஆரம்பித்து எப்படிப் போகிறது என்று காட்டச் சொன்னார். குழியிலிருந்து வடக்கே, பூமிக்கடியில் அது போகிற வழி மேலேயே நடந்து காட்டினேன். இங்கே ஆள் அகலம், இங்கே முழ அகலம், இங்கே நூல் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே மறந்திருக்கும் என்று நினைத்தேன், கால் மறக்கவில்லை. கடைசி எட்டு வைத்தபோது அவர் கிணற்று மேட்டில் முட்டி நின்றோம். எட்டிப் பார்த்தோம். கைக்கு எட்டுகிற உயரத்தில் தண்ணீர். அவர் குனிந்து தண்ணீரில் கையை விட்டார். "செத்துப் போச்சுன்னு நெனச்சுட்டு இத்தனை வருசமா இந்தப் பக்கமே வருலீங்க நானு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தோளைத் தொட்டு, "உடுங்க, உடுங்க. பொண்ணு போயிட்டா நா அந்த ஊட்டுல அயர்ன் பண்ணிட்டு என்ன செய்யறது. இங்க வந்து நாலு ஆடு கட்டி, வெங்காயம் போடறேன்" என்றார். இதைக் குடிக்கக் கூடாது, அந்தக் கல் கரைந்த தண்ணீர் பல்லைப் பழுப்பாக்கும் என்று நான் எச்சரித்தேன். "பொறந்ததுல இருந்து குடிச்சவன்கிட்ட இப்பச் சொல்றீங்களே" என்று முதல் முறையாக வாயைத் திறந்து சிரித்தார். அவர் பல்லிலும் என் பல்லில் இருக்கிற அதே பழுப்புக் கோடு. நிச்சயதார்த்த போட்டோவில் சம்பந்திகள் இரண்டு பேரும் ஏன் வாயை மூடிக்கொண்டு உம்மென்று இருக்கிறோம் என்று நீ கேட்டாயே, காரணம் அதுதான். வெங்காயத்துக்கு அந்தத் தண்ணீர் போதும். குடிக்க ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது.

அதற்குப் பிறகுதான் மஞ்சப்பையைத் திறந்தார். உள்ளே அந்த வேட்டி. அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நிறம் போகவில்லை, உன் தாய்மாமனின் சரக்கு அப்படி. "டேங்கர்காரன் மாட்டுனா சாட்சிக்கு ஆகுமேன்னு பத்தரமா வெச்சிருந்தேனுங்க. இப்பத்தா ஆளு மாட்டிருக்குது" என்றார். "சத்தியம் ஊரு முன்னாலதான பண்ணுனீங்க. கண்ணாலத்துக்கு ஊரே வருது. அன்னைக்கு இதைக் கட்டிக்கிட்டு வாங்க. எதுக்கு ரோஸ் வேட்டின்னு யாரு கேட்டாலும் நீங்களே சொல்லோணும், ஆதியில இருந்து. ஒருத்தருக்கும் சுருக்கிச் சொல்லக் கூடாது." அது மட்டும்தான் அவர் கேட்டது. நான் சரி என்றேன். "சாயம் போகாது, தைரியமாத் தொவைங்க" என்று வேறு சொன்னார்.

ஆகவே எனக்கு வேட்டி எடுக்க வேண்டாம், கண்ணு. அந்தப் பணத்தில் உங்கம்மாவுக்கு இன்னொரு சேலை எடு, மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததற்கு. இந்தக் கடிதத்தை நந்தினியிடம் காட்டு, நண்பர்களிடம் காட்டு, யாரிடமும் மறைக்க வேண்டாம். அவள் அப்பாவுக்கு நான் செய்ததற்கு அவள் என்மேல் கோபப்பட்டால் அது அவள் உரிமை. அவளை நீ சமாதானப்படுத்தப் போகாதே. நானே பேசிக்கொள்கிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வெளியே பார்க்கக் குழி வேறு, கிணறு வேறாகத்தான் தெரியும். அடியில் தண்ணீர் ஒன்று. ஒருவர் ராப்பகலாகத் தன் மோட்டாரையே ஓட்டிக்கொண்டிருந்தால் மற்றவர் வறண்டு போவார், அதுவும் சத்தமில்லாமல். அவ்வப்போது நிறுத்திவிட்டுப் போய் எட்டிப் பாருங்கள்.

நேற்று மத்தியானம் அந்த வேட்டியைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டு ஒடிசாப் பையன் தையல் மிஷினிலிருந்து எட்டிப் பார்த்து, நல்ல கலர் அங்கிள் என்றான். கட்டிப் பார்த்தேன், நீளம் சரியாக இருக்கிறது. உங்கம்மா கட்டிலில் விழுந்து சிரித்தாள். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மண்டபத்தில் அத்தனை ஒறம்பரைச் சனமும் என்னைப் பார்ப்பார்கள். பார்ப்பார்களே தவிர, மரியாதைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவில்லை என்றால் நான் சொல்லாமலே தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் நீ ஒன்று செய். மாலையும் கழுத்துமாக வாசலில் நிற்கும்போது, நான் உள்ளே நுழைந்ததும், எல்லாருக்கும் கேட்கிறமாதிரி முதலில் நீ கேள்: "ஏனுங்கப்பா, எதுக்கு ரோஸ் வேட்டி?"

உன் அப்பா.